சிவப்புக் கொடி இறங்கும் வரை

மொன்றியலில் பனி உறையும் மாரிகாலம். வேலை முடிந்து பஸ்சால் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மூக்கு மயிர் விறைக்கிற குளிர். தலையைக் குனிந்தபடி வந்தவன் எங்கள் தெருமுனையில் நிமிர்ந்து பார்த்தால், எங்கள் மேல்மாடிக் குசினி யன்னலுக்கு வெளியே ஒரு பச்சைத் திரைச்சீலை காற்றில் அடித்துக்கொண்டு நிற்கிறது.

அந்தக் குளிரில் ஒரு யன்னல் திறந்து கிடந்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, வீடு எரிகிறது. மற்றது, உள்ளே இருக்கிறவர்களுக்கு மூளை பிசகிவிட்டது. புகையைக் காணவில்லை.

வெளிப்படிக்கட்டில் ஐஸ் பிடித்திருந்தது. அதில் விழுந்தெழும்பித்தான் ஏறினேன். கதவைத் திறந்தால், குசினியில் அப்பா ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு யன்னலடியில் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மீசையில் வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. மேசையில் என் மகள் சுகந்தி பனி உடுப்பு, பூட்ஸ் எல்லாம் போட்டபடி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

"அப்பா! இதென்ன வேலை? யன்னலைப் பூட்டுங்கோ!"

அப்பா திரும்பவில்லை. வெளியே விரலைக் காட்டினார்.

"கொடி இன்னும் இறங்கேல்ல மகன்."

அடுத்த தெருவில் மாடிவீடு கட்டுவதற்காகப் பாறையை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வளவின் வேலிக்கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி. வேலையாட்கள் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொடியை மட்டும் ஒருவரும் இறக்கவில்லை.

இந்தக் கொடிக்கும் என் அப்பாவின் மீசையில் படிந்த உறைபனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்குத் திருக்கோணமலைக்குப் போய், வெள்ளைக்காரனின் பீரங்கிகளைப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும். குளிருக்குள் உங்களை நிற்க வைத்துவிட்டுப் போகிறேன், குறை நினைக்காதீர்கள்.

நம்பர் ஃபோர்

என் அப்பா கந்தையா, வெள்ளைக்காரன் காலத்துப் பீரங்கிப் படையில் இருந்தவர். கடலைப் பார்த்து வைத்த பெரிய பீரங்கி ஒன்று. அதற்கு ஒரு கூட்டம் ஆட்கள். பீரங்கியடியில் ஒருவருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். நம்பர் வண் கட்டளை போடுகிறவன். மற்றவர்கள் குறி பார்க்க, குண்டு தூக்க, குழாயின் பின்கதவு பூட்ட என்று ஆளுக்கொரு வேலை. அப்பா நம்பர் ஃபோர். நீளத் தடியால் குண்டைக் குழாய்க்குள் இடித்து ஏற்றுவது அவருடைய வேலை.

"அப்ப உலக்கை பிடிச்ச கை எண்டு சொல்லுங்கோ மாமா" என்பாள் என் மனைவி மலர். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, வாய்க்குப் பூட்டில்லை. "அங்க உலக்கை பிடிச்ச ஆள் இஞ்ச வந்து கொமாண்டர்!"

அப்பா அதற்குக் கோபிக்க மாட்டார். பாதி கேட்கவும் மாட்டாது. இரண்டு கையாலும் தடியைப் பிடித்தவனுக்குக் காதைப் பொத்த மூன்றாவது கை ஏது? இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காது அரைச் சம்பளத்துக்கு வேலை செய்தது. ஆகவே எங்கள் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தொண்டை பெரிது. மொன்றியலில் நாங்கள் உப்பு எங்கே என்று கேட்டால் கீழ்வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள்.

உலகச் சண்டைக்கு முந்திய நாட்கள் பொற்காலம் என்பார் அப்பா. காலையில் பயிற்சி, மத்தியானம் பித்தளை மினுக்குதல், பின்னேரம் பந்தடி. பீரங்கியைத் தேய்த்த தேய்ப்பில் முகம் பார்த்துச் சீப்பால் தலையிழுக்கலாமாம். எப்போதாவது ஒருநாள் உண்மையாகச் சுட்டுப் பழகுவார்கள். படகொன்று கடலில் ஒரு மிதவையை இழுத்துக்கொண்டு போகும். அதைக் குறிவைத்துச் சுடவேண்டும். மிதவையில் பட்டதைவிடப் படகுக்காரன் பயத்தில் கத்தியதுதான் கூட என்று அப்பா சொல்லுவார்.

சுடுகிற நாளில் கோட்டையில் சிவப்புக் கொடி ஏறும். அதைக் கண்டதும் ஊர் முழுவதும் ஒரு பரபரப்பு. பெண்கள் சட்டிபானைகளைத் தட்டிலிருந்து இறக்கி நிலத்தில் வைப்பார்கள். சாமிப்படங்களைச் சுவரிலிருந்து கழற்றுவார்கள். கதவு, யன்னல் எல்லாவற்றையும் ஆவென்று திறந்து விடுவார்கள். பூட்டி வைத்தால் அந்த அதிர்வில் கண்ணாடி சில்லுச் சில்லாய்ப் போகும். பிறகு எல்லோரும் வாயையும் திறந்துகொண்டு இருப்பார்கள், காதுச் சவ்வு கிழியாமல் இருக்க. கோட்டைக்குள் திரியும் மான்கள் மட்டும் கொடி ஏறமுதலே எப்படியோ அறிந்து நடையைக் கட்டிவிடும்.

சட்டம் ஒன்றுதான். கொடி இறங்கும்வரை யன்னலைப் பூட்டக்கூடாது. ஒரு வேட்டு முடிந்ததென்று அவசரப்பட்டுப் பூட்டியவர்களின் கண்ணாடியெல்லாம் இரண்டாம் வேட்டில் போயிருக்கிறது. அந்தச் சட்டத்தில்தான் நானும் என் சகோதரங்களும் வளர்ந்தோம். வெள்ளைக்காரன் போய், பீரங்கியும் துருப்பிடித்துப்போன பிறகுகூட, கல்லு உடைக்கிற வெடிக்கும் கோயில் அதிர்வேட்டுக்கும் எங்கள் அம்மா யன்னலைத் திறந்துவிட்டு வாயையும் திறப்பா.

வராத கப்பல்

சண்டை தொடங்கியது. இனித்தான் நம்முடைய வீரத்தைக் காட்டப்போகிறோம் என்று நம்பர் வண்ணிலிருந்து கடைசி நம்பர்வரை எல்லோரும் மீசையை முறுக்கினார்களாம். பீரங்கி கடலைப் பார்த்தது. இவர்களும் கடலைப் பார்த்தார்கள். எதிரிக் கப்பல் வரும், வரும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் காலையில் ஜப்பான்காரன் வந்தான். கப்பலில் இல்லை, விமானத்தில். தலைக்கு மேலால் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டான். எண்ணெய்த் தாங்கி எரிந்து வானம் கறுத்தது. அப்பாவின் பீரங்கியோ கடலைப் பார்க்கச் செய்த பீரங்கி. அண்ணாந்து பார்க்க அதற்குக் கழுத்துக் கிடையாது. அப்பா கையில் தடியோடு குழிக்குள் நின்று, வாயைத் திறந்தபடி, வானத்தைப் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகும் கப்பல் வரவேயில்லை. சண்டை முடிந்தது. ஒரு எதிரியைக்கூடச் சுடாத பீரங்கிக்காரன் என்று தேத்தண்ணிக் கடையில் அவரை நக்கலடிக்காத ஆள் இல்லை.

"ஓம், சுடேல்ல" என்பார் அப்பா. "என்ர கையால ஏத்தின குண்டு ஒரு தாயின்ர பிள்ளையிலயும் படேல்ல. உங்களுக்கு அது பகிடி. எனக்கு நித்திரை வருது." இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு பெருமை இருக்கும். எனக்கு அந்த முகம் பிடிக்கும்.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஊரில் எங்கள் சண்டை வந்தது. ஷெல் விழத் தொடங்கியது. பீரங்கிக்காரனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டா. தனியாக நின்றவரை ஸ்பொன்சர் செய்து மொன்றியலுக்கு எடுத்தேன்.

வந்த முதல் மாரியில் அடுத்த தெருவில் விசில் ஊதுகிற சத்தம் அவருடைய வலது காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தார். சிவப்புக் கொடி. சிறிது நேரத்தில் நிலம் அதிர்ந்தது. நான் பயந்துபோனேன், ஊர் நினைப்பில் மனிசன் என்ன ஆகுமோ என்று. அவரோ முகமெல்லாம் சிரிப்பாய் நின்றார்.

"பாத்தியே மகன்? இஞ்ச கொடி ஏத்தி, ஊதிச் சொல்லிப்போட்டுத்தான் வெடிக்கிறாங்கள். மரியாதை தெரிஞ்ச சனம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பீரங்கிப் படை தொடங்கியது. அப்பா நம்பர் வண். மலர் நம்பர் ரூ, முன் யன்னல். சுகந்தி நம்பர் திறி, சாமிப்படங்கள். விசில் கேட்டதும் எல்லோரும் ஓடுவார்கள். "நம்பர் திறி ரெடி!" என்று சுகந்தி கத்துகிற கத்தலில், கீழே வசிக்கிற வீட்டுச் சொந்தக்காரி மதாம் ஜினெத், கூட்டுகிற தும்புத்தடியால் தன் முகட்டில் இடிப்பார். எனக்கு நம்பர் கிடைக்கவில்லை. பகலில் வீட்டில் இல்லாதவன் லீவில் போன சிப்பாய்.

மலர் இருக்கிற நாட்களில் வெடி முடிந்த கையோடு யன்னலைச் சாத்திவிடுவாள், மாமனார் முறைத்தாலும். அன்றைக்கு அவளுக்கும் தையல் தொழிற்சாலையில் கூடுதல் வேலை. ஆகவே சட்டம் சட்டமாகவே நடந்திருக்கிறது. கொடி இறங்கவில்லை, யன்னல் பூட்டப்படவில்லை. சரி, இனி அந்தக் குளிருக்குத் திரும்பிப் போவோம்.

மதாம் ஜினெத்தின் தேவாலயம்

நான் யன்னலைப் பூட்டினேன். அப்பாவுக்குச் சூடாக இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தேன். விசயம் முடிந்தது என்று நினைத்தேன்.

குசினித் தொட்டிக்குக் கீழே, அந்த யன்னலடியில், வெளிச்சுவரோடு ஓடுகிற தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்தநாள் காலையில் உள்ளே இருந்த ஐஸ் இளகியது. தண்ணீர் நேரே கீழ்வீட்டு முகட்டுக்குள் இறங்கி, முகட்டில் ஒரு துண்டு பெயர்ந்து, மதாமின் சாப்பாட்டு மேசையில் விழுந்தது.

அந்த மேசையில் அவர் மாரி முழுவதும் துண்டு துண்டாய்ப் பொருத்தி வந்த ஒரு படப் புதிர் இருந்தது. பெரிய தேவாலயம். கோபுரத்தில் கொஞ்சம்தான் மிச்சமாம். தேவாலயத்தில் பாதி நனைந்து ஊறி, பாதி சாந்துக்குள் புதைந்துபோயிற்று.

மதாம் படியேறி வந்தார். எழுபதை எட்டிய, எலும்பும் தோலுமான மனுசி, ஆனால் குரல் எங்கள் வீட்டுக்கு ஈடு. என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. 'தள்ளு', 'தூக்கு', 'கவனம்' என்பதற்கு மேல் போகாது. ஆனாலும் அவர் சொன்னது விளங்கியது. வாடகை ஒப்பந்தம் முடிகிற யூலை முதலாம் திகதி வீட்டை விட வேண்டும். சத்தம் போடுகிறவர்களைப் பொறுத்தாயிற்று. மாரியில் யன்னல் திறக்கிறவர்களைப் பொறுக்க முடியாது.

அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. முகம் பார்க்கத் தெரியும். அன்று பின்னேரம் கதவடியில் அவருடைய பழைய பெட்டி நின்றது. உள்ளே உடுப்பெல்லாம் மடித்து அடுக்கி, மேலே கயிறும் கட்டியாயிற்று.

"கொழும்புக்கு ரிக்கற் எடு மகன். நான் போறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"ஒரு யன்னலால உங்கட வீட்டைப் போக்கிப்போட்டன். இன்னும் நிண்டா என்னென்ன போகுமோ. சின்னப் பிள்ளையோட வீடு தேடி அலையப் போறியள்."

எனக்குக் கோபம் வந்தது. "அங்க கொடி ஏத்தி, ஊதிப்போட்டோ அப்பா அடிக்கிறாங்கள்? சொல்லுங்கோ பாப்பம்!" என்று கத்திவிட்டேன். அவர் பெட்டிக் கயிற்றை இன்னும் இறுக்கினார். காது கேட்கவில்லை என்று நடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

மலர் அழுதாள். சுகந்தி பெட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான் இறங்க மாட்டன்" என்றாள். அப்பா அசையவில்லை. வீடு போனால் வேறு வீடு தேடலாம். இந்த மனிசன் அந்த ஷெல்லடிக்குள் திரும்பிப் போனால் நான் எங்கே போய்த் தேடுவது? அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு திறந்த வாய்

சனிக்கிழமை. நான் வீட்டில் நின்றேன். எல்லோரும் முன்னறையில் இருந்தோம். அடுத்த தெருவில் விசில் ஊதத் தொடங்கியது.

சுகந்தி துள்ளி எழும்பினாள். "நம்பர் வண்! ஊதுறாங்கள்!"

"இல்லையம்மா" என்றார் அப்பா. "இனி யன்னல் திறக்கிறேல்ல. இரு."

அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். யன்னலெல்லாம் பூட்டியபடி கிடந்தன. ஆனால் வாய் பழகின வாய் அல்லவா? அப்பா வாயைத் திறந்தார். அதைப் பார்த்துச் சுகந்தி திறந்தாள். மலர் திறந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயும் தானாகத் திறந்தது. நாலு பேரும் வரிசையாக, பல் வைத்தியரிடம் வந்தவர்கள் போல இருந்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மதாம் ஜினெத்துக்குக் கதவைத் தட்டுவதும் திறப்பதும் ஒரே வேலை. குழாயைப் பார்க்க வந்தவர் எங்களைக் கண்டு அப்படியே நின்றார்.

டமார். நிலம் ஒருமுறை குலுங்கியது. அலுமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. நாங்கள் நாலு பேரும் வாயை மூடினோம்.

மதாமின் முகத்தில் கோபத்தைக் காணவில்லை. மெதுவாக அப்பாவிடம் வந்து, தன் வாயைத் திறந்து காட்டி, ஏன் என்று கையால் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அப்பா, பழைய சண்டை, பீரங்கி என்று சொற்களைத் தூக்கித் தள்ளினேன். மிச்சத்தைச் சுகந்தி பள்ளிக்கூடப் பிரெஞ்சில் சொன்னாள். ஊரில் ஏறும் கொடி, திறக்கும் யன்னல், இங்கே இறங்காத கொடி எல்லாம்.

மதாம் அப்பாவின் பெட்டிக்கு மேலே தொப்பென்று இருந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

அவருடைய கணவர் மொறிஸ் அதே சண்டையில் இத்தாலியில் பீரங்கிப் படையில் இருந்தவராம். திரும்பி வந்து, சாகும்வரை, இடி இடித்தால் நித்திரையிலும் வாயைத் திறப்பாராம். கல்யாணம் கட்டின புதிதில் மதாமுக்குப் பயம். பிறகு பழகிவிட்டது. மழைக்காலத்தில் மதாம் கட்டிலடியில் ஒரு கோப்பை திராட்சைப்பழம் வைத்திருப்பாராம், கணவரின் வாய் திறந்ததும் ஒன்று போடுவதற்கு.

"இப்பவும் இடி இடிச்சா என்ர கை திராட்சையைத் தேடுது" என்றார். சுகந்தி அதைத் தமிழில் சொல்ல, நான் அதை அப்பாவின் வலது காதுக்குள் கத்தினேன். அப்பா வெடித்துச் சிரித்தார். மதாமும் சிரித்தார். மலர் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

பிறகு மதாம் எழும்பி விரலை நீட்டிச் சட்டம் சொன்னார். குசினி யன்னல், கூடாது. முன்னறை யன்னல், ஒரு விரலளவு திறக்கலாம். வெடி முடிந்து இனிப் பயமில்லை என்று ஊதுகிற நீள விசில், வெடியில் அடைத்த கிழவரின் காதுக்குக் கேட்காது, கொடியை நம்பிப் பிரயோசனமில்லை. ஆகவே நீள விசில் கேட்டதும் அவர் கீழிருந்து தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். அந்த அதிர்வு காலில் தெரியும். உடனே யன்னலைப் பூட்ட வேண்டும்.

"யூலை?" என்று கேட்டேன்.

"என்ன யூலை?" என்றார் மதாம், எரிச்சலாக. "கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது."

அவர் போனபிறகு அப்பா கீழே தரையைக் காட்டினார். "தடி பிடிக்கிற ஆள். அவ நம்பர் ஃபோர்" என்றார்.

"அது உங்கட நம்பரெல்லே மாமா?"

"ஓம். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல."

கயிறு கட்டின பெட்டி

இத்தோடு கதை சுபம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பெட்டி மட்டும் கதவடியை விட்டு அசையவில்லை.

"அப்ப இருக்கிறியள்தானே அப்பா?" என்று கேட்டால், "கொடி இறங்கட்டும், பேந்து பாப்பம்" என்பார். காலையில் கயிற்றை அவிழ்த்து ஒரு சேட்டு எடுப்பார். தோய்த்துக் காய்ந்ததைத் திரும்ப மடித்துப் பெட்டிக்குள் வைப்பார். கயிற்றைக் கட்டுவார். அலுமாரியில் அவருக்கென்று மலர் ஒதுக்கிய தட்டு வெறுமையாகக் கிடந்தது.

விசில் ஊதும். யன்னல் விரலளவு திறக்கும். டமார். கீழிருந்து டொக் டொக். "நம்பர் ஃபோர் ரெடி!" என்று சுகந்தி கத்துவாள். பின்னேரங்களில் அப்பா கீழே போய் மதாமோடு இருந்து புதிய படப் புதிர் பொருத்துவார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது, சண்டை பிடிப்பதற்கு அது தடையாகவும் இல்லை. துண்டைத் தவறான இடத்தில் அமத்திப் பொருத்துகிறார் என்று மதாம் முறையிடுவார். இடித்து ஏற்றிப் பழகின கை, என்ன செய்வது?

பனி கரைந்து தெருவெல்லாம் சேறாக ஓடத் தொடங்கிய ஒருநாள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா யன்னலடியில் வழக்கமான இடத்தில் இருந்தார். அடுத்த தெருவில் பாறை உடைத்து முடிந்துவிட்டது. துளைக்கிற இயந்திரங்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலையாள், சூயிங்கம் சப்பிக்கொண்டு, வேலிக்கம்பத்தில் ஏறி, அந்தச் சிவப்புக் கொடியைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான்.

அப்பா எழும்பினார். கதவடிக்குப் போனார். பெட்டியின் கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய் அலுமாரித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேட்டிகள், சால்வை, அம்மாவின் படம். கடைசியாக அந்தக் கயிற்றைச் சுற்றி என் கையில் தந்தார்.

"உடுப்புக் காயப்போட உதவும்" என்றார்.

தேத்தண்ணியை நீட்டினேன். அவர் வாங்கி ஒரு மிடறு குடிக்கவில்லை, எங்கள் காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. டொக் டொக். விசிலும் இல்லை, வெடியும் இல்லை. கீழே மதாம் ஜினெத்தும் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்பா குனிந்து தரையைப் பார்த்து, கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, அந்தப் பெரிய தொண்டையால் கத்தினார்.

"ஓம் ஓம்! நானும் கண்டனான்!"